இரண்டேகால் கிலோ குப்பையில் பிழைக்கும் ஊர்

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள், புறவழிச்சாலை வந்துவிட்டது, பெரிய கம்பெனிக்காரர்கள் கடை திறந்துவிட்டார்கள் என்று நம் உறுப்பினர்கள் சொல்லிக் குறைப்படாத சங்கக் கூட்டம் கிடையாது. கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போதும் இதே பேச்சுதான். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும் மூன்று பேர் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் கடைவீதியில் நின்றோம். எதிரே பச்சை நிறத் தலையும் பாதாம் பருப்பு போன்ற கண்களும் கொண்ட ஒரு பெரியவர் குல்பி ஐஸ் போல ஏதோ ஒன்றைச் சாப்பிட்டபடி போனார். அவருக்குப் பின்னால் வெள்ளித் தாள் சுற்றிய நாய் ஒன்று போனது. அந்த ஊரின் பெயர் ராஸ்வெல்.

நாம் போனது இதற்காக அல்ல. நம்முடன் வந்த மூத்த உறுப்பினர் அண்ணாச்சியின் மகன் டல்லஸ் நகரில் வேலை பார்க்கிறார். அண்ணாச்சிக்கு எழுபது வயதாகிறது. மளிகையில் நாற்பத்தைந்து ஆண்டு அனுபவம். ஊரில் பேருந்து நிலையம் இடம் மாறிய பிறகு அவர் கடை வியாபாரம் பாதியாகிவிட்டது. கடையைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து இருங்கள் என்று மகன் வற்புறுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், ஊர் ஒன்று செத்துப் பிழைத்த கதையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று காரை எடுத்தார்கள்.

டல்லஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர். லப்பக் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் பருத்தி. அதைத் தாண்டினால் எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்புறம் ஒன்றுமே இல்லை. காய்ந்த புல், முள்வேலி, வானம். நியூ மெக்சிகோ என்பது அமெரிக்காவின் ஒரு மாநிலம். மெக்சிகோ நாடு வேறு. அம்மாநிலத்தின் தென்கிழக்கில் ராஸ்வெல் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 48,422. நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. பால் பண்ணைகள் உண்டு, பெரிய மொசரெல்லா பாலாடைக்கட்டி ஆலை ஒன்று உண்டு, பீக்கன் என்ற கொட்டை விளைகிறது. இவற்றைப் பார்க்க யாரும் 800 கிலோமீட்டர் வரமாட்டார்கள்.

கதை தொடங்குவதே ஒரு வியாபாரியிடம்தான். 1947 ஜூன் 24 அன்று தீயணைப்புக் கருவி விற்கும் கென்னத் ஆர்னால்டு என்பவர் தம் சொந்தச் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது, ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் மிக வேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை உருவமாக்கிவிட்டன. பறக்கும் தட்டு என்ற சொல் அன்று பிறந்தது. அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் ஆளுக்கொரு தட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ராஸ்வெல்லுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஓர் ஆட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேக் பிரேசல். மேய்ச்சல் நிலத்தில் ரப்பர்க் கீற்றுகள், ஈயத்தாள், முரட்டுக் காகிதம், மெல்லிய குச்சிகள் சிதறிக் கிடந்ததைக் கண்டார். முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை மாதம் கம்பளி விற்க ராஸ்வெல்லுக்கு வந்தவர், வந்த இடத்தில் ஷெரீப் ஜார்ஜ் வில்காக்ஸிடம் விஷயத்தைச் சொன்னார். ஷெரீப் ராணுவ விமானத் தளத்துக்குச் சொன்னார். அங்கிருந்து மேஜர் ஜெசி மார்செல் போய் அள்ளி வந்தார். ஜூலை 8 அன்று தளத்தின் செய்தி அதிகாரி வால்டர் ஹாட், பறக்கும் தட்டு ஒன்று கைப்பற்றப்பட்டது என்று அறிக்கையே கொடுத்துவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகை ராஸ்வெல் டெய்லி ரெக்கார்டு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அன்று மாலைக்குள் ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஜெனரல் ரேமி, அது வானிலை பலூன் என்று சொல்லி விஷயத்தை முடித்தார்.

மறுநாள் பத்திரிகையில் பிரேசல் சொன்ன விவரம் வந்தது. எல்லாவற்றையும் கட்டினால் ஐந்து பவுண்டு இருக்கலாம் என்றார். நம் தராசில் இரண்டேகால் கிலோ. பூப்போட்ட ஒட்டுநாடாவும் அதில் இருந்ததாம். அந்தப் பூப்போட்ட நாடாவைப் பிறகு சொல்கிறோம்.

இதற்குப் பின் முப்பது ஆண்டு யாரும் இதைப் பேசவில்லை. ஊரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் ஊரில் காசு புழங்கியது. அந்த விமானத் தளம் சாதாரணமானதல்ல. அன்று உலகிலேயே அணுகுண்டு சுமக்கும் ஒரே விமானப் படைப்பிரிவு அங்கேதான் இருந்தது. பின்னர் அதற்கு வாக்கர் விமானப்படைத் தளம் என்று பெயர் வந்தது. வீரர்கள், அவர்கள் குடும்பங்கள், சம்பள நாள் என்றால் கடைவீதி நிறைந்துவிடும். 1967-ல் அரசாங்கம் தளத்தை மூடிவிட்டது.

நம் உறுப்பினர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். 1960-ல் ஊர் மக்கள் தொகை 39,593. 1970-ல் 33,908. ஏழு பேரில் ஒருவர் போய்விட்டார். அதுவும் மாதச் சம்பளக்காரர்கள். ஆலை மூடிய ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பற்று எழுதியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போவார். ஏட்டில் பெயர் மட்டும் இருக்கும். அருங்காட்சியகத்தில் நின்று இந்த இரண்டு எண்களையும் அண்ணாச்சியிடம் சொன்னபோது, பறக்கும் தட்டுப் படங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, மளிகைக் கடை எத்தனை மிஞ்சிச்சாம்?” அந்தக் கணக்கு எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

1978-ல் ஸ்டான்டன் ஃபிரீட்மன் என்ற ஆராய்ச்சியாளர் ஓய்வுபெற்ற மார்செலைச் சந்தித்தார். நாம் அள்ளியது பலூன் அல்ல, இந்த உலகத்துப் பொருளே அல்ல என்று மார்செல் சொன்னார். 1980-ல் புத்தகம் வந்தது. பிறகு ஆள் ஆளுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். வேற்றுக்கிரகத்தார் உடல்களைக் கண்டோம் என்றவர்களும் உண்டு. 1991-ல் பழைய செய்தி அதிகாரி வால்டர் ஹாட் உள்ளிட்ட சிலர் சேர்ந்து ஓர் அருங்காட்சியகம் தொடங்க முடிவு செய்தார்கள். மறு ஆண்டு திறந்தார்கள். இப்போது அது மெயின் தெருவில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் நடக்கிறது. கொட்டகை மூடினால் நம் ஊரில் கல்யாண மண்டபம் ஆக்குவார்கள்; அவர்கள் இப்படிச் செய்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் பேர் வருவதாக அருங்காட்சியகத்தார் கணக்குச் சொல்கிறார்கள். ஊரின் மக்கள் தொகையைப் போல நான்கு மடங்கு!

1990-களின் நடுவில் திருவிழா ஆரம்பமாயிற்று. 1997-ல் சம்பவத்தின் ஐம்பதாம் ஆண்டு. பல்லாயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். அன்று தொடங்கி ஜூலை முதல் வாரத்தை ஒட்டி ஆண்டுதோறும் விழா நடக்கிறது.

கடைவீதியில் கண்டவை

ஜூலை வெயில் நம் வேலூர் வெயிலுக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் காலை பத்து மணிக்கே கூட்டம். மெயின் தெருவின் விளக்குக் கம்பங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். உருண்டை விளக்குகள் ஒவ்வொன்றிலும் இரண்டு சாய்ந்த கறுப்புக் கண்கள். இரவில் விளக்கு எரிந்தால் தெரு முழுக்க வேற்றுக்கிரகத்துத் தலைகள் வரிசையாக நம்மைப் பார்க்கின்றன. மெக்டொனால்டு உணவகக் கட்டடமே பறக்கும் தட்டு வடிவம். டன்கின் கடை முன்னால் உயரமான பச்சை மனிதன் பெயர்ப்பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். உலகெங்கும் ஒரே அச்சில் கடை கட்டும் கம்பெனிகள் இந்த ஊரில் மட்டும் ஊருக்கு இணங்கிப் போயிருக்கின்றன. அதே ஆண்டில்தான் ஊர்க் காவல் துறையின் தோள்சின்னத்திலும் பறக்கும் தட்டைச் சேர்த்தார்கள். இங்கே வந்து இறங்குகிறவர்களையும் காப்போம் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. போலீசாருக்கு இவ்வளவு நகைச்சுவை உணர்வு இருப்பது நமக்கு ஆச்சரியம்தான்.

நீதிமன்றக் கட்டடத்துக்குப் பச்சைக் குவிமாடம். அதன் அருகில் கூடாரக் கடைகள். மாறுவேடப் போட்டி நடந்தது; பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, நாய் பூனைகளுக்குத் தனியாக ஒன்று. ஓட்டப்பந்தயம் நடந்தது. அருங்காட்சியகத்துக்குள் மிகவும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சிலர் சொற்பொழிவு ஆற்றினார்கள். குறிப்பெடுத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. வெளியே குழந்தைகள் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு ஓடின. உள்ளே நம்புகிறவர்கள், வெளியே விளையாடுகிறவர்கள். இரு கூட்டத்துக்கும் சண்டை வரவில்லை. இருவருமே பணம் கொடுத்துத்தான் சாப்பிட்டார்கள்.

நாம் தொழில்காரர்கள் அல்லவா, சரக்கைப் புரட்டிப் பார்த்தோம். பனியன் 25 டாலர், நம் பணத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல். பச்சைப் பொம்மை, சாவிக்கொத்து, காந்த வில்லை, தொப்பி. அடியில் திருப்பினால் பெரும்பாலும் சீனத்துச் சரக்கு. வேற்றுக்கிரகத்தார் எங்கிருந்து வந்தார்களோ தெரியாது, அவர்கள் பொம்மை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது! ஒரு கடையில் மட்டும் அந்த வட்டாரத்துப் பீக்கன் கொட்டையை வறுத்து, காரம் சேர்த்து, பாக்கெட்டில் பச்சைத் தலையை அச்சடித்து அடுக்கியிருந்தார்கள். அண்ணாச்சி அங்கேதான் அதிக நேரம் நின்றார். பாக்கெட்டை முகர்ந்து பார்த்தார், எடையைக் கையால் நிதானித்தார், கொட்டை இந்த வருடத்து அறுவடையா என்று மகனை விட்டுக் கேட்டார். பொம்மைக் கடைக்காரருக்கு விழாவில்தான் வரும்படி. இந்தக் கடைக்கோ ருசி பிடித்தால் தபாலில் எழுதி வாங்கும் வாடிக்கை நிற்கும் என்பது அவர் கணிப்பு. நமக்கும் அப்படியே தோன்றியது.

நாம் தங்கிய விடுதி குஜராத்திக் குடும்பம் ஒன்றுடையது. அமெரிக்க விடுதிகளில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கின்றன, அவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள். வணிகர் என்று சொன்னதும் கல்லாவுக்குப் பின்னால் அழைத்து உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். விழா நாட்களில் அறை வாடகை ஏறும், மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். ஆனால் மூன்று நாள் வரும்படியை வைத்து வருடத்தை ஓட்ட முடியாது என்று அந்த வீட்டு அம்மா தெளிவாகச் சொன்னார். மற்ற நாட்களில் எண்ணெய் வயல் ஆட்கள், பண்ணைக்கு வரும் வியாபாரிகள், நெடுஞ்சாலைப் பயணிகள்தான் சோறு போடுகிறார்கள். ஆனால் நெடுஞ்சாலைப் பயணி வேறு ஊரில் தங்காமல் இங்கே தங்குகிறாரே, அதற்குக் காரணம் அந்தப் பச்சைத் தலை. திருவிழா நாளில் விற்பதைவிடத் திருவிழா பெயரில் மற்ற நாளில் விற்பதுதான் கணக்கு.

கடைவீதிக்கென்றே மெயின்ஸ்ட்ரீட் ராஸ்வெல் என்ற அமைப்பு உண்டு. சில ஆண்டுகள் இந்த விழாவை அதுவே முன்னின்று நடத்தியிருக்கிறது. நகராட்சி, கடைக்காரர்கள், அருங்காட்சியகம் எல்லாரும் ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் கடைவீதியில் தீபாவளிக்கு அலங்கார விளக்குப் போடச் சந்தா வசூலித்தால், எதிர்க்கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்துக் கொடுக்கிறோம். கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரக்கு அசலா?

இரண்டாம் நாள் இரவு விடுதியில் விவாதம் மூண்டது. அண்ணாச்சி நேராகக் கேட்டார். “தம்பி, இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்லி விக்கிறாங்களே, இது கலப்படம் மாதிரிதானே?”

உண்மை இதுதான். 1994-ல் அமெரிக்க விமானப்படை அறிக்கை வெளியிட்டது. விழுந்தது வெறும் வானிலை பலூன் அல்ல. மோகுல் என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் வரிசை. ரஷ்யா அணுகுண்டு சோதித்தால் அந்த ஓசையை மிக உயரத்தில் பிடிப்பதற்காக ஒலிவாங்கிகளைக் கட்டி, அலமகோர்டோவிலிருந்து பறக்கவிட்டார்கள். ராடார் கண்ணுக்குத் தெரிவதற்காக ஈயத்தாள் ஒட்டிய சட்டங்களும் கட்டப்பட்டன. அந்தச் சட்டங்களைச் செய்துகொடுத்தது ஒரு பொம்மைக் கம்பெனி. கையில் இருந்த பூப்போட்ட நாடாவை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேற்றுக்கிரக எழுத்து என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டதற்கு இதுவே மூலம் என்கிறது அறிக்கை. கொள்முதல் செய்த சரக்கில் மிச்சம் மீதியைத் தீர்க்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு என்று தெரிகிறது. ராணுவம் முதலிலேயே ஒளித்ததும் மெய்தான், ஒளித்தது வேற்றுக்கிரகத்தாரை அல்ல என்பதும் மெய்தான். 1997-ல் இன்னோர் அறிக்கை வந்தது. உடல்கள் என்று சொல்லப்பட்டவை பிற்காலத்தில் பாராசூட் சோதனைக்கு வீசிய ஆளுருவப் பொம்மைகளாக இருக்கலாம் என்றது. 1947-க்கும் அந்தச் சோதனைகளுக்கும் இடையே ஆண்டுக்கணக்கு இடிப்பதால் நம்பாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கதைக்கு இன்னும் ஆயுள் கூடியது.

1995-ல் வேற்றுக்கிரகத்தார் உடலை அறுத்துப் பரிசோதிப்பதாக ஒரு படம் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. அது உருவாக்கப்பட்ட படம் என்று 2006-ல் அதை விற்றவரே ஒப்புக்கொண்டார். அதுதான் நம் கணக்கில் போலிச் சரக்கு. அசல் என்று சொல்லி விற்றது.

கடைவீதியில் பச்சைப் பொம்மை வாங்குகிறவர் ஏமாறவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வாங்குகிறார், விற்கிறவரும் சிரித்துக்கொண்டே விற்கிறார். அருங்காட்சியகத்திலும் பலூன் விளக்கம் மறைக்கப்படாமல் இருக்கிறது. இவ்வாறு நாம் சொன்னோம். அண்ணாச்சி முழுக்க ஒப்பவில்லை. நம்பி வருகிறவனும் இருக்கிறானே, அவனிடம் என்ன சொல்லி விற்பது என்றார். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

இந்த ஊருக்குச் சொல்லிக்கொள்ள மெய்யான கதையும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. திரவ எரிபொருள் ராக்கெட்டை உலகில் முதன்முதலாகப் பறக்கவிட்டவர் ராபர்ட் காடர்டு. அவர் 1930 முதல் 1940-களின் தொடக்கம் வரை இங்கேதான் பட்டறை போட்டுச் சோதனை செய்தார். ராஸ்வெல் அருங்காட்சியகம் என்ற இன்னொரு இடத்தில் அவர் பட்டறையை அப்படியே அமைத்துக் காட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை போனோம். விழாக் கூட்டம் தெருவில் மோதிக்கொண்டிருக்க, மனிதனை விண்வெளிக்கு அனுப்பிய தொழிலின் ஆரம்பப் பட்டறையில் எண்ணி ஐந்தாறு பேர்தான் இருந்தோம். மெய்க்கு விளம்பரம் போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையும் வெள்ளமும்

ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகியிருக்கும். 2024 அக்டோபர் 19 அன்று ராஸ்வெல்லில் ஒரே நாளில் ஏறத்தாழ 6 அங்குல மழை. ஓர் ஆண்டுக்கே சுமார் 12 அங்குலம் பெய்யும் ஊர் அது. ஸ்பிரிங் ரிவர் என்ற சின்ன ஓடை கரை புரண்டது. இருவர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோரை மீட்டார்கள். நாம் ஐந்தாறு பேராக நின்று பார்த்த ராஸ்வெல் அருங்காட்சியகத்துக்குள் தண்ணீர் புகுந்து பெருஞ்சேதம். படங்களைப் பார்த்தபோது சொந்தக்காரர் ஊருக்கு நடந்ததைப் போலிருந்தது. அண்ணாச்சி உடனே மகனுக்குப் பேசி, அந்தப் பீக்கன் கடைக்கு ஒரு வார்த்தை விசாரிக்கச் சொன்னார். கடை மேட்டில் இருந்ததால் தப்பியது என்று பதில் வந்தது. கூடவே நாலு பாக்கெட் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார், அதுவும் வந்தது.

அண்ணாச்சி கடையை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதில்லை என்றும் சொல்லவில்லை. அவர் ஊரில் பழைய நாளில் கருப்பட்டிச் சந்தை பெரிதாகக் கூடும். பேருந்து நிலையம் இருந்த காலிமனையில் தை மாதம் மூன்று நாள் அந்தச் சந்தையை மறுபடி கூட்டலாமா என்று கடைவீதிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பதினெட்டுக் கடைகளில் பதினோரு பேர் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்கள், அவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்களாம்.